எடைக்குப் போகும் முன்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர் முத்தையா செட்டியார். ‘ரோஜா’ முத்தையா என்றால்தான் பலருக்கும் தெரியும். 1950 வாக்கில் பழைய புத்தகங்கள் வாங்கத் தொடங்கியவர், அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு நிறுத்தவே இல்லை. இலக்கியம், சித்த வைத்தியம், சமயம், நாவல் என்று நூல்களோடு நின்றிருந்தால் புத்தகப் பிரியர் என்ற பெயரோடு போயிருப்பார். மற்றவர்கள் படித்ததும் தூக்கிப்போடும் தாள்களையும் அவர் விடவில்லை. நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ், சந்தையில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற குஜிலிப் பாட்டு எல்லாம் அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. 1992இல் அவர் காலமானபோது இருந்தவை சுமார் ஒரு லட்சம் உருப்படிகள்.

அவற்றை விலை கொடுத்து வாங்கியது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். கோட்டையூருக்கு வந்துபோன ஆராய்ச்சியாளர்கள் மூலம் அவற்றின் அருமை அங்கே முன்பே தெரிந்திருந்தது. வாங்கியதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே வைத்தார்கள். அப்படித்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ்ச் சமூக வரலாறு, நாடகம், சினிமா, வைத்தியம் பற்றி எழுதுகிற யாரும் தரமணியில் இருக்கும் அந்த நூலகத்தைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

இதில் மகிழ வேண்டியது நிறைய இருக்கிறது. உறுத்த வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஒரு தமிழர் ஆயுள் முழுக்கச் சேர்த்த தமிழ் அச்சுச் செல்வத்துக்கு விலை நிர்ணயித்துப் பணம் கொடுத்தது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். அந்தப் பணத்தைக் கொடுக்க இங்கே எந்த அமைப்பும் முன்வரவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இன்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரோ, அஞ்சல் ஊழியரோ, சைக்கிள் கடைக்காரரோ ஐம்பது ஆண்டுகள் சேர்த்ததை விட்டுவிட்டுக் கண்மூடினால், அந்தக் குடும்பம் எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்குத் தெளிவான பதில் கிடையாது. பழைய பேப்பர் கடைக்கு மட்டும் வழி எல்லோருக்கும் தெரியும்.

பணம் விழுங்கும் பொழுதுபோக்கு என்றதும் பெரிய மனிதர்களின் விளையாட்டு என்று நினைப்பது வழக்கம். அதிலும் உண்மை இருக்கிறது. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி, ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கில் நூல்களை வரவழைத்தார். பல நூல்களில் ஆங்கிலத்தில் தன் கையெழுத்தையும் போட்டு வைத்தார். காசி யாத்திரை போனபோதும் சுவடிகளோடுதான் திரும்பினார். சரசுவதி மகால் நூலகத்தின் பெருமையில் பெரும்பங்கு அவருடைய இந்த ஆசைக்கு உண்டு. கோவையில் ஜி.டி. நாயுடுவின் பெயர் சொல்லும் அறக்கட்டளை, பழைய கார்களை வரிசையாக நிறுத்தி அருங்காட்சியகமே நடத்துகிறது. அரண்மனையும் ஆலையும் இருப்பவர்களின் ஆசைக்கு அவர்களுக்குப் பின்னும் கூரை கிடைத்துவிடும். கவலைப்பட வேண்டியது சம்பளத்தில் சேர்த்தவர்களைப் பற்றி.

புதுக்கோட்டையில் ‘ஞானாலயா’ என்ற நூலகம் இருக்கிறது. பி. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தங்கள் வீட்டோடு சேர்த்து வளர்த்தது. இருவரும் ஆசிரியப் பணியில் இருந்தவர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் அங்கே சேர்ந்திருக்கின்றன. முதல் பதிப்புகளைத் தேடித்தேடி வாங்கியதுதான் அதன் தனிச்சிறப்பு. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகத்தின் விலை அந்தச் செலவில் சிறிய பங்குதான். வாங்கியதை வைக்க இடம் வேண்டும். ஓர் அறை நிறைந்ததும் அடுத்த அறை வேண்டும். மர அலமாரியில் கரையான் ஏறும் என்று இரும்பு அலமாரி வாங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவான தாளில் அமிலம் உண்டு. அது தானாகவே பழுப்பேறும். மடித்த இடத்தில் ஒடியும். கடைசியில் விரலால் தொட்டால் அப்பளமாக நொறுங்கும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று பூஞ்சையைக் கொண்டுவரும். வசம்பும் நாப்தலீன் உருண்டையும் பூச்சியைத் தடுக்குமே தவிர, தாளுக்குள் இருக்கும் அமிலத்தை ஒன்றும் செய்யாது. ஒட்டி, பைண்டிங் செய்து, நுண்படம் எடுத்து, ஸ்கேன் செய்து காப்பாற்றுவது சம்பளக்காரர் ஒருவரால் முடிகிற காரியம் இல்லை.

இத்தனை சிரமப்பட்டுக் காப்பாற்றும் அளவுக்கு அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது? ஒரு சினிமா பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். எட்டு, பத்துப் பக்கம் இருக்கும். அட்டையில் கதாநாயகியின் படம், படக் கம்பெனியின் பெயர். உள்ளே நடிகர்கள் யார் யார் என்ற பட்டியல். பிறகு கதைச்சுருக்கம், அதுவும் முடிச்சு அவிழும் இடத்துக்கு முன்பே நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். அதன்பின் பாடல்கள், பல புத்தகங்களில் ராகம், தாளக் குறிப்போடு. கொட்டகை வாசலில் வாங்கி, பாட்டை மனப்பாடம் செய்ததும் அடுப்பங்கரைக்குப் போன தாள் இது. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன் பிரதி இன்று இல்லை. 1930களின் படங்கள் பலவற்றுக்கும் அதே கதிதான். படச்சுருள் அழிந்துபோன படத்தில் யார் நடித்தார்கள், எத்தனை பாட்டு, என்ன கதை என்று அறிய இந்தப் புத்தகத்தை விட்டால் வேறு சாட்சி அதிகம் இல்லை. அன்றைய எந்தப் பெரிய நூலகமும் இதை நூல் என்று மதித்து வாங்கியிருக்காது. 1954இல் வந்த நூல் வழங்கல் சட்டப்படி, பதிப்பாளர்கள் ஒவ்வொரு நூலின் பிரதியையும் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். நாடக நோட்டீஸை யாரும் அனுப்பச் சொல்லவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் ஒரு விளம்பரப் பலகை ஓவியர் கைநீட்டினார்.

பாட்டுக்கும் இதே கதைதான். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைப் பதிவுசெய்து, ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டாக அச்சிட்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தென்னாட்டுப் பாடகர்களின் குரலும் அரக்குத் தட்டில் ஏறியது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பாட்டு கொள்ளும். கைதவறினால் ஓடு மாதிரி உடையும். எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் 27 வயதில் மறைந்தவர். பேசும்படத்தில் நடிக்கவே இல்லை. நாடக மேடையை ஆண்ட அந்தக் குரலை இன்றைய தலைமுறை கேட்க முடிகிறது என்றால், இசைத்தட்டுகளை யாரோ வாங்கி, துடைத்து, உறையிட்டு, செங்குத்தாக அடுக்கிக் காத்ததால்தான். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் அப்படிச் சேர்த்த தட்டுகள் பல்லாயிரம். எந்தப் பாட்டு, யார் எழுதியது, எந்த ஆண்டுப் பதிவு என்று தட்டு தட்டாக விவரம் சொல்லக்கூடியவர் அவர். சேர்த்தவரின் தலைக்குள் இருக்கும் இந்த விவரம்தான் சேகரிப்பின் பாதி மதிப்பு. அவர் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளாவிட்டால் தட்டு மிஞ்சினாலும் விவரம் மிஞ்சாது.

அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்களுக்குச் சென்னை மூர் மார்க்கெட் தாய்வீடு. பழைய புத்தகம், இசைத்தட்டு, நாணயம் எல்லாம் அங்கே குவிந்து கிடந்தன. 1985 மே மாதம் அது தீக்கிரையானது.

நாணயக்காரர்களின் செலவு வேறு ரகம். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, பழைய காசு வியாபாரிகளிடம் தேடித்தேடி வாங்கிய செப்புக் காசுகளில் ஒன்று, நகத்தளவே உள்ள சதுரக் காசு. அழுக்கை நீக்கிப் பார்த்தபோது குதிரை உருவமும், ‘பெருவழுதி’ என்ற தமிழ் பிராமி எழுத்துகளும் தெரிந்தன. மறுபக்கம் கோடுகளால் ஆன மீன். சங்ககால மூவேந்தர்கள் சொந்தமாக நாணயம் வெளியிட்டார்களா என்று அறிஞர்களுக்குள் ஐயம் நிலவிய காலம் அது. 1980களின் நடுவில் வெளிவந்த இந்தக் காசு அந்த விவாதத்தின் திசையையே மாற்றியது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த எத்தனையோ காசுகள் உருக்கும் பட்டறைக்குப் போயிருக்கும். கைக்காசைக் கொடுத்து இடைமறித்தவர்களால் சில தப்பின.

ஆனால் இந்தப் பொழுதுபோக்கைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் முடியாது. மண்ணுக்குள் எந்த அடுக்கில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாத காசு, பேச வேண்டியதில் பாதியைத்தான் பேசும். விலை கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் தோண்டுகிறவர்கள் பெருகுவார்கள். சிலைத் திருட்டில் தமிழ்நாடு பட்ட பாடு போதும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் தேவையானவைதான். கோயில் சிலையைக் கடத்துகிறவனிடம் காட்டும் கடுமையில் எள்ளளவும் குறைக்க வேண்டாம். அதேசமயம், பழைய காகிதமும் இசைத்தட்டும் சேர்க்கிற பெரியவர், அதிகாரிகளை வீட்டுக்குள் விட்டால் வில்லங்கம் வருமோ என்று அஞ்சி, இருப்பதை வெளியே சொல்லாமலே வைத்திருக்கும் நிலையும் கூடாது. தானாக முன்வந்து காட்டுகிறவருக்கு மரியாதை கிடைக்கும் என்ற நம்பிக்கை வர வேண்டும்.

வீட்டுக்குள் நடப்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். சேகரிப்பாளரின் தியாகம் என்று எழுதும்போது பெரும்பாலும் மறந்துபோவது, அந்தத் தியாகத்தில் பாதியைச் செய்தவர் மனைவி என்பதை. வாங்காத நகை, தள்ளிப்போட்ட வீட்டு ரிப்பேர், பிள்ளைகள் படுக்க இல்லாமல் போன அறை, தினமும் தூசி தட்டும் வேலை இவையெல்லாம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிள்ளைகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. அப்பாவின் ஆசை அவர்களுக்கும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு நகரத்தில் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கும் மகன், ஐயாயிரம் புத்தகங்களை எங்கே கொண்டு வைப்பான்? எடைக்குப் போடும் பிள்ளையைத் திட்டுவது சுலபம். அவனுக்கு வேறு வழியைக் காட்டியிருக்க வேண்டியவர்கள் யார் என்று கேட்பதுதான் நியாயம்.

ஒரு சிலர் முன்யோசனையோடு நடந்துகொண்டார்கள். மறைமலையடிகள் தாம் சேர்த்த நூல்கள் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தார். 1950இல் அவர் மறைந்தார். 1958இல் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை முயற்சியில் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பட்டது. உயிலும் இருந்தது, அதை ஏற்று நடத்த ஓர் ஆளும் இருந்தார் என்பதால் நடந்தது. ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தனின் சேகரிப்பு வேறு விதமாகப் பொதுவுக்கு வந்தது. கையில் கேமராவோடு படப்பிடிப்புத் தளங்களில் சுற்றத் தொடங்கி, ‘நாடோடி மன்னன்’ காலத்தில் மக்கள் தொடர்பாளராகி, 2016இல் மறையும்வரை தமிழ்ப் படங்களின் தகவலையும் படங்களையும் சேர்த்தவர். அவருடைய தொகுப்பைத் தமிழக அரசே விலைக்கு வாங்கியது. செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஆனால் அது ஒருவருக்காக எடுத்த தனி முடிவாக நின்றுவிட்டது. அடுத்த மனிதருக்கும் அதே கதவு திறக்கும் என்ற விதியாக மாறவில்லை.

பொது நூலகம் ஒன்று இருந்துவிட்டால் தனியார் சேகரிப்புக்கு என்ன அவசியம் என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1981 ஜூன் முதல் நாள் விடிவதற்குள் அங்கே எரிக்கப்பட்ட பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அப்படி ஒரு பேரழிவுக்குப் பிறகு ஈழத்துப் பழைய பத்திரிகைக்கும் நூலுக்கும் தேடிப்போக மிஞ்சியவை பெரும்பாலும் வீடுகள்தான். குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் பத்திரிகை நறுக்குகளைச் சேர்ப்பதிலேயே ஆயுளைக் கழித்தவர். ‘ஆவண ஞானி’ என்றே அவரை அழைத்தார்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம், இப்படி வீடுகளிலும் சிறு நூலகங்களிலும் தப்பிக் கிடந்தவற்றைத் தேடி எடுத்து மின்வடிவமாக்கி வருகிறது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் ஒரே இரவில் எல்லாம் போய்விடலாம் என்பதை ஈழத் தமிழர்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முன்மாதிரி கையிலேயே இருக்கிறது. 1949இல் பாரதியார் படைப்புகளில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுக்கப்படுகிறது. படைப்பு எல்லோருக்கும் சொந்தமாகிறது. எழுதியவரின் உழைப்புக்குப் பொருந்தும் இந்த நியாயம், சேர்த்தவரின் உழைப்புக்கும் பொருந்தும். சேகரிப்பை நேரில் பார்த்து மதிப்பிட நூலகர், வரலாற்றாசிரியர், பழைய புத்தக வியாபாரத்தில் ஊறிய ஒருவர் என மூன்று நான்கு பேர் கொண்ட குழு போதும். குடும்பத்துக்கு நியாயமான விலை. சேகரிப்புக்குச் சேர்த்தவர் பெயர். எடுத்துக்கொண்டதை இத்தனை ஆண்டுக்குள் பட்டியலிட்டு, மின்வடிவமாக்கி, பார்வைக்கு வைப்போம் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி. இந்த மூன்றும் இல்லாத திட்டத்தை எந்தக் குடும்பமும் நம்பாது. மூட்டையாகக் கட்டி வாங்கிப்போய் அரசுக் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழே போட்டுவைப்பதைவிட, அது வீட்டிலேயே இருப்பது மேல்.

பணம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1948இல். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதைக் கட்டுகிறார். இடத்துக்கும் பஞ்சமில்லை. 2010இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. குளிர்சாதன வசதியும் பெரிய தளங்களும் கொண்ட இந்தக் கட்டடங்களில் தனியார் தொகுப்புகளுக்கென்று ஒரு பிரிவு ஒதுக்குவதற்குத் தடையாக எதுவும் தெரியவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் அரிய நூல்களை மின்வடிவமாக்கும் வேலையை ஏற்கெனவே செய்துவருகிறது. ஆளும் கருவியும் அங்கே தயார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒரு கணக்கெடுப்பு. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நூலக அலுவலர் இருக்கிறார். எந்த ஊரில் யாரிடம் என்ன இருக்கிறது என்பது அந்தந்த ஊர்க் கிளை நூலகருக்கும், பழைய புத்தகக் கடைக்காரருக்கும், தமிழாசிரியருக்கும் தெரியும். விசாரித்தால் சில மாதங்களில் பட்டியல் வந்துவிடும். அதில் எழுபது வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கு முதலில் போக வேண்டும். ஒரு ரெக்கார்டரை முன்னால் வைத்து, இது எங்கே கிடைத்தது, யாரிடம் வாங்கியது, எதனால் முக்கியம் என்று அவரையே சொல்லவைத்துப் பதிவுசெய்ய வேண்டும். வாங்குவதும் விலை பேசுவதும் பிறகு நடக்கட்டும். இந்தப் பதிவுக்கு அரசாணைகூடத் தேவையில்லை. அடுத்த நிதிநிலை அறிக்கைவரை காத்திருக்காமல் வரும் மாதமே தொடங்கலாம்.